சுத்தியல் ஓய்ந்த தெரு

இந்தக் கைதான். மெதுவாகப் போடு, எழுந்துவிடப் போகிறது.

மனதுக்குள் அப்படிச் சொல்லிக்கொண்ட பிறகு, முப்பத்தேழு வயதில் இது என்ன பயம் என்று ஃபீபிக்கு வெட்கமாக இருந்தது. சவப்பெட்டிக் கடை ஆள் வெள்ளைக் கையுறைகளை அவள் மடியில் வைத்து, "பெரிய பொண்ணு நீங்கதானே, போட்டு வுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போயிருந்தார். இடது கை முடிந்துவிட்டது. அப்பாவின் வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் உண்டு. மீதி, தோல் பதனிடும் ஷாப்பில், தோலைச் சீவும் ஷேவிங் மெஷினில் போனது. கையுறையின் அந்த விரல் மட்டும் உள்ளே ஒன்றுமில்லாமல் தொய்ந்தது. அதை உள்பக்கமாக மடித்து அழுத்தினாள்.

அந்தக் கையால் அடி விழுந்த மறுநாள் ஃபீபியின் கன்னத்தில் மூன்றரை விரல் பதிந்திருக்கும். ஏழாம் வகுப்பு டீச்சர் ஒருமுறை பக்கத்தில் வந்து எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடித்துவிட்டு, நோட்டை எடு என்றாள். ஃபீபியின் இடது காது அந்த வருஷம் போனது.

"போட்டுட்டியா?" அம்மா ஜெயபுஷ்பம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து அழுது அவள் குரல் கம்மிப் போயிருந்தது. "மூணு மணிக்குப் பொட்டிய மூடுவாங்க. அதுக்கு முன்னாடி மூத்த புள்ள முத்தம் குடுக்கணும். பாஸ்டர் கூப்பிடுவாரு. குடுத்துருடி."

"பாக்கறேன்மா."

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது? அவரு வேணும்னா அடிச்சாரு? இந்த ஊரு அவரை அப்டி ஆக்கிடுச்சு. உனக்குத் தெரியாதா?"

தெரியும். சிறு வயதிலிருந்து அவளுக்குச் சொல்லப்பட்டது அது ஒன்றுதான். அடித்து ஓய்ந்ததும் அப்பா தண்ணீர்த் தொட்டியருகே குந்தி, கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே அழுவார். "நான் இப்டி இல்ல புஷ்பம். இந்த சுண்ணாம்புத் தண்ணியும் நாத்தமும் என்னை மிருகமாக்கிடுச்சு. இந்த ஊரு என் வெரலைத் தின்னுது, என்னையும் தின்னுகினு இருக்குது." அம்மா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவருக்குத் துண்டு கொடுப்பாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் படிப்பைச் சாக்காக வைத்துக் கோயம்புத்தூருக்குப் போனவள் திரும்பவே இல்லை. யார் கேட்டாலும் சொந்த ஊர் வேலூர் பக்கம் என்பாள். ஒருநாள் ஆசிரியர்கள் அறையில் ஆம்பூர் என்று வாய்தவறிவிட்டது. "பிரியாணி ஊரா?" என்றார் ஒருவர். "ரயில் போறப்போ ஜன்னலைச் சாத்திக்குவோமே, அந்த ஊரு. ஆத்தையே கொன்னவங்க. முரட்டு ஜனம்" என்றார் இன்னொருவர். ஆமாம் என்று தலையாட்டியபோது ஃபீபிக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஊரை வெறுப்பது சுலபம். ஊருக்கு முகம் கிடையாது.

காலையில் ரயிலை விட்டு இறங்கும்போது கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தாள். அந்தப் பழைய நாற்றம் வரவில்லை. வழியெல்லாம் தோல் ஷாப்புகள் பூட்டிக் கிடந்தன. அப்பா வேலை பார்த்த ஷாப்பின் கேட்டில் பூட்டு துருவேறி, மதில்மேல் எருக்கு முளைத்திருந்தது. மூடி நான்கு வருஷம் ஆகிறது என்றார் ஆட்டோக்காரர். "தேவானந்தம் அண்ணன் பொண்ணா? நீ உள்ள போம்மா" என்று பையைத் தானே தூக்கிவந்து வாசலில் வைத்தார். முரட்டு ஜனம் என்று அவள் தலையாட்டியது அப்போது நினைவுக்கு வந்தது.

தம்பி நெல்வின் உள்ளே வந்தான். நேற்றிலிருந்து தூங்காத முகம். "ஐஸ் பொட்டிய எடுத்துனு போக ஆள் இன்னும் வரலையா, த்தூ" என்று வாசல் பக்கம் கத்திவிட்டு, தலையைச் சொறியக் கையைத் தூக்கினான். காலருகே உட்கார்ந்திருந்த அவனுடைய ஐந்து வயது மகள் சட்டென்று தோளைக் குறுக்கித் தலையைக் குனிந்துகொண்டாள். நெல்வின் அதைக் கவனிக்கவில்லை. ஃபீபி கவனித்தாள்.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டாவது முறை கழுவும்போது, அப்பா மாதிரியே கழுவுகிறோம் என்று உறைத்து நிறுத்தினாள்.

எதிர்வீட்டு அக்தரி பேகம் டீ ஃப்ளாஸ்க்கோடு பின்வாசல் வழியாக வந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். இந்தத் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கும் வேலை. தைத்த மடிப்பைக் கல்லின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி அமுக்குவார்கள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை தெருவில் அந்தச் சத்தம்தான். இன்றைக்கு அது இல்லை.

"ரெண்டு வாய் குடி பேட்டி" என்று, மகளே என உருதுவில் அழைத்தாள். "காலைலேர்ந்து பட்டினியா கெடக்கற."

ஃபீபி டம்ளரை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "இன்னிக்கு யாரும் தட்டலையே?"

"மய்யத்து வீடு இருக்கறப்போ எவ தட்டுவா?"

"நான் கத்தறப்போ மட்டும் எல்லாரும் தட்டுனீங்களே அக்தரிம்மா."

கதவு நிலையில் அம்மாவின் தலை மோதும் சத்தம் அவளுக்கு இன்னும் தனியாக நினைவிருந்தது. அதற்குப் பிறகு அவள் முறை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு வார் தொங்கும். ஷாப்பிலிருந்து கொண்டுவந்த, மருந்து ஏறி நீலம் பாரித்த தோல். காய்ந்து இரும்பாகியிருந்தது. முதல் அடி முதுகில் விழும்போது எதிர்வீட்டில் சுத்தியல் தொடங்கும். அவள் கத்தக் கத்த இன்னும் வேகமாகத் தட்டுவார்கள். பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று தெரு முழுக்கத் தட்டும். தன் கதறல் காதில் விழாமலிருக்கத்தான் தட்டுகிறார்கள் என்று எட்டு வயதில் புரிந்துகொண்டாள். அப்பாவை விட அந்தத் தெருவை ஜாஸ்தியாக வெறுத்தாள்.

அதைச் சொன்னாள். குரல் உயரவில்லை.

அக்தரி பேகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யா அல்லா. இத்தினி வருஷமா இதையா நெனச்சிகினு இருந்த?"

பிறகு தன் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் தள்ளினாள். அங்கே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெளுத்த தழும்பு. "நீ மூணு மாசக் குழந்தை. உங்கம்மா கத்தறா. தாங்காம உள்ள வந்துட்டேன். உங்கப்பன் தோல் சீவற கத்தியை வீசுனான். எங்க வூட்டுக்காரரு அரிவாளைத் தூக்கினு வந்தாரு. ரெண்டு கொலை வுழுந்திருக்கும் அன்னிக்கு. அதுக்கப்புறம்தான் சுத்தியல். உள்ள வந்தா வெட்டறான், சும்மா இருந்தா அவளைக் கொல்றான். இன்னா பண்றது? ஒருத்தி தட்டுனா எல்லாரும் தட்டணும்னு பேசி வெச்சோம். எங்களுக்குக் கேக்குதுடா தேவானு அவனுக்குத் தெரியணும். அப்புறம் அந்தச் சத்தம் தெருக்கோடி ஷாப்புக்குக் கேக்கணும்."

"ஷாப்புக்கா?"

"சர்தார் பாஷா வருவானே, நெனப்பில்ல?"

இருந்தது. அடி உச்சத்துக்குப் போகும்போது வாசலில், அப்பாவோடு ஷாப்பில் வேலை பார்த்த அவருடைய கரகரத்த குரல் கேட்கும். 'தேவா, ட்ரம் நின்னு போச்சு, வாடா!' ஷாப்பில் தோலை மருந்துத் தண்ணீரில் போட்டுச் சுழற்றும் பெரிய மர உருளைதான் ட்ரம். அப்பா வாரைத் தூக்கி எறிந்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்த மனுஷனை ஓயவிடாமல் மறுபடி இழுத்துப் போகிறார்களே, இதனால்தான் இப்படி அடிக்கிறார் என்று அம்மா சொல்வாள். சர்தார் பாஷாவையும் ஃபீபி வெறுத்தாள்.

"எத்தினி தடவைடி ஒரு ட்ரம் நிக்கும்?" என்றாள் அக்தரி பேகம். "ஒரு நாளும் நின்னதில்ல. உங்கப்பனைக் கூட்டினு போய் கேட்டாண்ட உக்கார வெச்சு, நீங்கல்லாம் தூங்கற வரைக்கும் பேசிகினு இருப்பான். மேஸ்திரி கைல எத்தினி வாட்டி வசவு வாங்கியிருக்கான் தெரியுமா?"

ஃபீபி பிடித்துக்கொள்ள மிச்சமிருந்த ஒன்றைச் சொன்னாள். "அந்த வேலைதான் அவரை அப்படி ஆக்கிடுச்சுன்னு அம்மா..."

"புஷ்பம் சொல்லுவா. அவளுக்கும் ஏதாவது வேணும்ல சொல்லிக்க." அக்தரி பேகம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சர்தார் பாஷாவுக்கும் அதே மெஷின்தான். ரெண்டு வெரல் போச்சு அவனுக்கு. அவன் பொண்டாட்டி பில்கிஸ் வாசல்லதான் உக்காந்துகினு இருக்கா. போய்க் கேளு, ஒருதரம் கை ஓங்கியிருக்கானான்னு."

ஃபீபி போய்க் கேட்கவில்லை.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தெருவில் பந்தலுக்கடியில் கொண்டுவந்து வைத்தார்கள். போதகர் ஜெபித்தார். பாட்டுப் பாடினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் சர்தார் பாஷாவை அவள் அடையாளம் கண்டாள். தாடி முழுக்க வெளுத்து, ஆள் சுருங்கிப்போயிருந்தார். இரண்டு விரல் இல்லாத கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். எதிரே அக்தரி பேகம் தன் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்திருந்தாள்.

"மூத்த குமாரத்தி ஃபீபி, வாம்மா" என்றார் போதகர்.

காலையில் கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். ஊர்தானே செய்தது என்று கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருப்பாள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"போடி" என்றாள் அம்மா. "நான் கேக்கறேன்டி. எனக்காக."

நெல்வின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பு நொறுங்குகிற பிடி. அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். "இன்னாக்கா, சீன் போடறியா? பத்தொம்போது வருஷமா நான்தான் பாத்துகினேன். நீ வந்து ஊர் முன்னாடி எங்கப்பனை அசிங்கப்படுத்தறியா?"

"கையை வுடு நெல்வின்."

இழுத்தான். அவள் முழங்கால் பெட்டியின் விளிம்பில் மோதித் தோல் கிழிந்தது. பெட்டி ஸ்டூலோடு ஆடியது. யாரோ கத்தினார்கள். அவன் இன்னொரு கை மேலே போனது. ஃபீபி முகத்தைத் திருப்பவில்லை. கூட்டத்தின் கால்களுக்கிடையே அவன் மகள் குனிந்துகொள்வது மட்டும் தெரிந்தது.

டொக்.

எதிர்ப்படியில் அக்தரி பேகம் மடியில் வைத்த கல்லின்மேல் சுத்தியலை வைத்திருந்தாள். இன்னொரு முறை தட்டினாள். நாலாவது வீட்டுப் படியில் பில்கிஸ் தட்டினாள். பிறகு இந்தப் பக்கத்து வீடு. அதற்கடுத்தது. எல்லாருடைய கண்ணும் நெல்வின் மேல் இருந்தது. வலது காதால் அந்தச் சத்தம் முழுவதையும் ஃபீபி கேட்டாள்.

சர்தார் பாஷா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நடந்து வர அவருக்கு நேரம் பிடித்தது. நெல்வினின் தோளில் கையைப் போட்டார்.

"நெல்வினு. ட்ரம் நின்னு போச்சு. வாடா."

ஷாப் மூடி நான்கு வருஷம் ஆகிறதென்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. நெல்வினின் தூக்கிய கை அங்கேயே நின்றது. அதைத் தானே புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். பிறகு அது இறங்கியது. மற்றக் கை அவள் மணிக்கட்டை விட்டது. கிழவர் அவனைத் தெருக்கோடிப் பக்கம் மெல்ல நடத்திக்கொண்டு போனார். சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அம்மா எழுந்து வந்து குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். நிமிரும்போது அவள் ஃபீபியைப் பார்க்கவில்லை.

போதகர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். சவப்பெட்டிக் கடை ஆள் மூடியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் காத்திருந்தார். கலைந்த வேட்டியை யாரோ சரிசெய்தார்கள். பெட்டி ஆடியதில், மடித்துவிட்ட கையுறை விரல் வெளியே வந்து, மார்பிலிருந்த பைபிளின்மேல் தொய்ந்து கிடந்தது.

"மூடப் போறாங்கம்மா" என்றார் போதகர், அவள் வலது காதுப் பக்கம் வந்து, தணிந்த குரலில். "முத்தம் வேணாம்னா வுடு. அந்த வெரலையாவது மடிச்சு வுட்டுடு."

நெல்வினின் மகள் எப்போதோ வந்து அவள் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபீபி அவள் தலையில் கையை வைத்தாள். இந்த முறை குழந்தை குனியவில்லை.

"இருக்கட்டுங்க ஐயா" என்றாள். "அப்படியே மூடுங்க."