பவுடர் கலக்காத தண்ணீர்

வாட்டில் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வைத்தவர்கள் தாதிமார்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது காத்தான்குடிக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தெரிய ஒரு கிழமை எடுத்தது. என் கணவர் அஸ்பாக்கின் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஓர் அறிவிப்பு மட்டை தொங்கியது. 'தண்ணீர் கொடுக்கக்கூடாது. பவுடர் கலந்து தடிப்பாக்கியது மட்டும்.' நான் அங்கே இருக்கும்வரை அந்த மட்டையைத் தாண்டி ஒரு சொட்டும் அவர் வாய்க்குள் போகாது என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

கல்முனை வீதியில், குருக்கள்மடத்துக்குக் கிட்ட, மாடு குறுக்கே வந்து மோட்டார்சைக்கிளோடு விழுந்தார். ஹெல்மெட் தலையில் இல்லை, ஹேண்டிலில் தொங்கியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது, அழுகை வருவதில்லை. மண்டையைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் கண் திறந்தார். பிறகு வாவிக்கரையோரம் இருக்கும் இந்தப் பயிற்சி வாட்டுக்கு அனுப்பினார்கள். இங்கே ஒருவருக்கு ஆறு வாரம். முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் ஆறு வாரம் தருவார்கள், தெரியாவிட்டால் வீடுதான். கட்டில்கள் எட்டு. எங்கள் கட்டிலுக்காக வாழைச்சேனையில் ஒரு மீன்பிடிகாரர் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்.

காலை ஆறு மணிக்கு உடம்பு துடைப்பேன். ஏழுக்குக் கூழ். எட்டரைக்கு உடற்பயிற்சி தரும் தனோஜன் சேர் வந்து அவரை ஒரு மேசையில் படுக்க வைத்து, பட்டிகளால் கட்டி, மேசையோடு மெல்ல நிமிர்த்துவார். முதல் நாள் பாதி நிமிர்த்தும்போதே மயங்கிவிட்டார். பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கப் பழக்கம். பின்னேரம் கைப்பயிற்சி. கட்டாரில் பத்து வருடம் கிரேன் ஓட்டிய மனிதர், உடுப்புக் காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றைக் கயிற்றில் மாட்ட இருபது நிமிடம் எடுப்பார். கிளிப் விழுந்தால் நான் எடுத்துக் கொடுக்கக்கூடாது. எடுத்துக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்கான பயிற்சி. அதில் நான்தான் கடைசி மாணவி.

பதினொரு மணிக்கு மேனுகா மிஸ் வருவார், பேச்சும் விழுங்கலும் பழக்குபவர். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். முதல் நாளே என்னை இருத்தி வைத்துச் சொன்னார்.

"தண்ணி மெல்லிசு அக்கா. தொண்டை மூடுறதுக்குள்ள ஓடி நுரையீரலுக்க இறங்கிரும். பவுடர் போட்டுத் தேன் மாதிரி எடுத்தா மெல்லப் போகும். அவருக்கு விழுங்க நேரம் கிடைக்கும்."

"இருமினா நிப்பாட்டிருவன் மிஸ்."

"இருமல நம்பாதீங்க. அவருக்கு அந்த உணர்ச்சி செத்துக் கிடக்கு. உள்ளுக்குப் போனாலும் இருமமாட்டார். நியூமோனியா வந்தாத்தான் எங்களுக்கே தெரியும்."

அவருக்குத் திரும்பி வந்த முதல் சொல் 'தண்ணி'. பிள்ளைகளின் பெயர் வரவில்லை, என் பெயரும் வரவில்லை. விடிந்ததிலிருந்து தண்ணி, தண்ணி. கண்ணுக்கு முன்னால் ஜன்னல் நிறைய வாவி கிடக்கிறது. நான் கரண்டியில் பசை மாதிரி ஒன்றை நீட்டுவேன். பாதிதான் அசையும் அந்த முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சண்டைக்கு வருகிறவர்களோடு எனக்குச் சண்டை போடத் தெரியும். இப்படிக் கெஞ்சுகிறவரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூன்றாம் வாரம் அவருடைய மூத்த சகோதரி முப்லிஹா மதினி ஒரு செவ்விளநீர் கொண்டு வந்தாள். நான் மருந்து எடுக்கப் போன நேரம் பார்த்து இரண்டு கரண்டி ஊட்டிவிட்டாள். திரும்பி வந்து கண்டதும் வாட்டே பார்க்க ஒரு பிடி பிடித்தேன்.

"உங்கட தம்பியக் கொல்லவா மதினி வந்தீங்க?"

"தண்ணி தண்ணியெண்டு கேக்கான்கா. பாத்துக்கிட்டு இரிக்க ஏலாமப் போச்சு."

"எனக்கு ஏலுதுதானே."

அவருக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. மேனுகா மிஸ் நெஞ்சைச் சோதித்துவிட்டு, தப்பிவிட்டார் என்றார். அதற்குப் பிறகும் மதினி தினம் வந்தாள், ஆனால் வெளி விறாந்தையில் கிடந்த மர வாங்கில் மட்டும் இருந்துவிட்டுப் போவாள். கட்டிலுக்குக் கிட்ட வரமாட்டாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஐந்தாம் வாரத்தில் கம்பிகளுக்கு நடுவே நாலு எட்டு வைத்தார். தனோஜன் சேர் கைதட்டினார். வருகிற வியாழக்கிழமை விழுங்கல் சோதனை என்றார்கள். அதில் தேறினால் அடுத்த ஆறு வாரம் நிச்சயம் என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் ஒரு மிடறில் வந்து நிற்கிறதே என்று பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மக்காவுக்கு உம்றா யாத்திரை போயிருந்த என் தம்பி ஷிஹான் வந்து இறங்கினான். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கத்தைய ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை என் கையில் வைத்தான். அக்காவைத் தாத்தா என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவார்கள்.

"மச்சானுக்குக் குடுங்க தாத்தா. கஃபாவுக்கு முன்னால நிண்டு அவருக்காகத்தான் முதல் துஆக் கேட்டன்."

அந்தத் தண்ணீரை நாங்கள் சும்மா குடிப்பதில்லை. கஃபா இருக்கும் கிப்லாத் திசையை முன்னோக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி, நிய்யத்து வைத்து, மூன்று மிடறாகக் குடிப்போம். என்ன நாடிக் குடித்தாலும் அல்லாஹ் அதைத் தருவான் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குள் ஊறியது.

திங்கட்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து திரைச்சீலையை இழுத்து மூடினேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். கோப்பையில் ஸம்ஸத்தை ஊற்றி, பவுடர் டின்னையும் திறந்தேன். கரண்டியில் பவுடரை அள்ளியும் விட்டேன். கை போகவில்லை. பாலைவனத்தில் தாகித்த பிள்ளைக்காக ஹாஜரா நாயகி ஓடித் தேடிய தண்ணீரில் மாவைக் கொட்டிப் பசையாக்குவதா? அது மரியாதையில்லாத, அதபுகெட்ட வேலையாகப் பட்டது. பவுடரைத் திரும்ப டின்னுக்குள் போட்டேன்.

மேனுகா மிஸ் சொன்னது மறந்துபோய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது. அதெல்லாம் குழாய்த் தண்ணீருக்குச் சொன்னது என்று நினைத்தேன்.

முதல் மிடறு. இரண்டாவது. மூன்றாவது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். சின்னச் செருமல்கூட இல்லை. கண்ணைத் திறந்து, "தண்ணி," என்றார். இந்த முறை கேட்கிற தொனியில் இல்லை, கிடைத்துவிட்ட தொனியில். எனக்கு அழுகை பீறிட்டது. முழுக் கோப்பையையும் கொடுத்தேன். ஒரு தரமும் இருமவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

செவ்வாய் பின்னேரம் உடம்பு சுட்டது. புதன் காலை மூச்சு கறகறவென்று இழுத்தது. தனோஜன் சேர் மேசையோடு வந்தவர், அவருடைய உதட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் தாதியைக் கூப்பிட ஓடினார். மத்தியானத்துக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் போட்டுவிட்டார்கள். வலப்பக்க நுரையீரல் முழுக்கச் சளி என்றார்கள்.

பெரிய டொக்டர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"ஆராவது ஏதாவது குடிக்கக் குடுத்தீங்களா?"

ஷிஹான் என்னைப் பார்த்தான். பவுடர் கலந்துதானே கொடுத்திருப்பாள் என்ற பார்வை. நான் வாயைத் திறக்கமுன் தாதி முந்திக்கொண்டார்.

"இவ இரிக்கக்குள்ள ஒருத்தரும் குடுக்க ஏலாது டொக்டர். சொந்த மதினியையே கிட்ட விடாத ஆள்."

"மட்டையில இரிக்கிறதத்தான் குடுத்தன்," என்றேன் நான். ஊரையே வாயால் அடக்கியவளுக்கு வந்தது இவ்வளவுதான். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

ஒன்பதாம் நாள், உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் கழுத்தில் துளை, வயிற்றில் உணவுக்குழாய். சொல் எதுவும் இல்லை. கையைப் பிடித்துத் தூக்கினால் விட்ட இடத்தில் விழுகிறது. வாழைச்சேனைக்காரர் எங்கள் கட்டிலுக்கு வந்து நாலு நாளாகிவிட்டது. இனிப் பயிற்சிக்குக் கூப்பிட எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். மேனுகா மிஸ் என் முகத்தைப் பார்க்காமல், முதலில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் அக்கா என்றார்.

வெளியே வாங்கில் முப்லிஹா மதினி இருந்தாள். சுருங்கிப்போய்க் கிடந்தாள். நான் பக்கத்தில் இருந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்கா அவன இப்பிடி ஆக்கினது."

"என்ன மதினி கதைக்கீங்க?"

"அண்டைக்குக் குடுத்த இளநி. நெஞ்சுக்குள்ள தங்கி நிண்டிரிக்கும். குடுக்கப்படாதெண்டு மட்டையில எழுதித்தான் கிடந்திச்சு, நான் கேக்கல்ல. மூணு நாளா சோறு தொண்டையால இறங்குதில்ல. என்னை மன்னிச்சிரு றம்லா. நீ பொறுக்காட்டி நான் மௌத்தாகி அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்ற?"

இளநீர் மூன்று வாரம் நெஞ்சில் தங்காது என்று எனக்குத் தெரியும். அன்று அவர் தப்பிவிட்டார் என்று மேனுகா மிஸ் சொன்னதும் தெரியும். அதை மட்டும் சொன்னாலே போதும், அவளுடைய பாரம் இறங்கிவிடும். ஆனால் அவள் இல்லையென்றால் யார் என்ற கேள்வி அடுத்த நிமிடமே அந்த வாங்கில் வந்து இருக்கும்.

"மன்னிச்சிட்டன் மதினி," என்றேன்.

அவள் என் உள்ளங்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எழுந்து கன்டீனுக்குப் போய்ச் சோறு தின்றாள். எனக்கும் ஒரு பார்சல் கட்டிக்கொண்டு வந்து, தின்றால்தான் போவேன் என்று பக்கத்திலேயே இருந்தாள். நான் தின்றேன்.