இடது இறக்கை டாங்க்

செஞ்சி பஸ் டிப்போவில் பொன்னுசாமி கையெழுத்துப் போடாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டாது. அவர் கையெழுத்துப் போடுவதற்குள் டிரைவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். வேறொரு மெக்கானிக் பிரேக்கைப் பார்த்து முடித்த வண்டியானாலும் சரி, அவரே வண்டிக்கு அடியிலிருக்கும் பள்ளத்தில் இறங்கி, டார்ச் அடித்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவார். விழுப்புரம் வண்டி டிரைவர் ஒரு நாள், "டைம் ஆயிடுச்சிண்ணா, ஜனங்க திட்டுது" என்றான். "திட்டட்டும். உயிரோட இருந்துதானே திட்டறாங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை. கேட்ட டிரைவரும் சிரிக்கவில்லை.

விமானப்படையில் பதினைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவர் என்பது டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதினைந்து வருஷத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்ததில்லை. மனைவி வசந்தாவிடம்கூட, "குளிரும், சப்பாத்தி போடுவாங்க" என்பதற்கு மேல் சொன்னதில்லை. ராணுவத்துக்குப் போய்வந்த ஆட்கள் கதை அளப்பார்கள், இந்த மனுஷர் மட்டும் இப்படி இருக்கிறாரே என்று அவளுக்கு ஆரம்பத்தில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

எண்பத்தேழாம் வருஷம் மாசி மாதத்தில் ரியாசுதீனின் அண்ணன் ஷார்ஜாவிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் ரியாசுதீன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தான். டைப் சொல்லித்தந்தது அவன் தங்கை முன்னி. கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தை எழுத்து விடாமல் படித்து, அதை டி.வி.யில் மாட்டி ஓட வைத்தவளும் அவள்தான். கூட வந்த கேசட்டுகளில் ஒன்று விமானம் ஓட்டுகிற ஆட்டம். ரியாசுதீனுக்கு முதலில் ஞாபகம் வந்தது பொன்னுசாமிதான்.

"அண்ணா, நீங்க ஏரோப்ளேன் ஆளாச்சே. ஞாயித்துக்கெழம வந்து இன்னா ஏதுன்னு ஒரு தரம் பாருங்களேன்."

போகக் கூடாது என்றுதான் பொன்னுசாமி நினைத்திருந்தார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் கால் தானாகச் செருப்பைத் தேடியது.

கேசட்டிலிருந்து ஆட்டம் கம்ப்யூட்டரில் ஏறி முடிய ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷமும் கீச்சென்று காதைக் குடையும் சத்தம். முன்னி காதைப் பொத்திக்கொண்டாள். பொன்னுசாமி பொத்தவில்லை. பிறகு திரை கறுத்து, அதில் பச்சைக் கோடுகள் எழுந்தன. எந்த விமானம் வேண்டும் என்று கேட்டது. மூன்று இருந்தன. மூன்றாவது பழைய காலத்து ஜெட். பின்னால் சாய்ந்த இறக்கை, மூக்கில் காற்றுத் துளை கிடையாது, இறக்கை உடம்போடு சேருமிடத்தில் இரண்டு பக்கமும் வாய். நாலு கோடுகளில் வரைந்த படம்தான். இருந்தாலும் பொன்னுசாமி திரைக்கு நெருங்கிக் குனிந்தார்.

"இது ஹண்டர் மாதிரி இருக்குது" என்றார்.

"நீங்க வேல பாத்த ப்ளேனா?" என்று ரியாசுதீன் கேட்டான்.

"ம்."

எவ்வளவு எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று அடுத்து கேட்டது. முன்னி நூறு என்று அடித்தாள். பொன்னுசாமி மேலே எழும்பினார், திரும்பினார், மூன்றாம் தடவையில் தரையிறக்கவும் செய்துவிட்டார். விமானத்தில் ஒரு நாளும் பறக்காத மனுஷர் இவ்வளவு சுளுவாக ஓட்டுகிறாரே என்று ரியாசுதீன் அசந்துபோனான். எந்த முள் எங்கே நிற்க வேண்டும் என்பது பொன்னுசாமிக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். நூற்றுக்கணக்கான தடவை பைலட் உட்காரும் அந்தக் குறுகலான அறைக்குள் தலையை விட்டு அதைச் சரிபார்த்தவர் அவர்.

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். பிறகு வார நாட்களில் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக மாடியேறினார். அவர் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. பென்சிலால் தூரமும் நிமிஷமும் எழுதிய காகிதம். நூறு என்று அடிப்பதை நிறுத்திவிட்டு எழுபது என்று அடிக்க ஆரம்பித்தார். எழும்பி, நேராக மேற்கே இருபது நிமிஷம் போவார். வழியில் எதிரி விமானம் வந்தால் சுட மாட்டார். அங்கே ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்புவார். ஓடுபாதை கண்ணில் படுவதற்கு முன்னாலேயே எரிபொருள் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பச்சைக் கோடுகள் மேல்நோக்கி எழும்பி வரும். விமானம் தரையில் மோதி, திரை வெள்ளையாகும். மறுபடியும் எழுபது.

உயரத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். வேகத்தை மாற்றினார். எப்படிப் போனாலும் நாலு நிமிஷம் தேறவில்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. ராஜகிரி மலையில் காற்று மோதும் சத்தம் எஞ்சின் இரைச்சலாகக் கேட்டது. நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது. மாடிப்படி ஏறும்போதே மண்ணெண்ணெய் வாடை அடித்தது. "ஸ்டவ்வு பத்த வச்சிருக்கியாமா?" என்று முன்னியிடம் கேட்டார். "இங்க ஏதுண்ணா ஸ்டவ்வு?" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, வாடை மட்டும் போகவில்லை. ஜெட் விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளும் மண்ணெண்ணெய் மாதிரிதான் மணக்கும்.

ஒரு நாள் மாலை முன்னி தட்டச்சு வகுப்பை முடித்துவிட்டு உள்ளே வந்தாள். பொன்னுசாமி கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. அதன் இடது பக்கம் நின்றபடி, உடம்பை வளைத்து, கையை நீட்டி விசைகளை அழுத்திக்கொண்டிருந்தார். இன்னொரு கை நாற்காலியின் முதுகில், யாரோ ஒருவரின் தோளை நீவுவதுபோல மேலும் கீழும் போய்வந்தது.

"ஏண்ணா நின்னுக்கினே ஓட்டறீங்க? ஒக்காருங்களேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தான் நிற்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. விமானத்தின் ஏணி இடது பக்கம்தான் சாத்தியிருக்கும். அதில் நின்றுதான் பைலட்டின் தோள்வாரைப் பூட்டுவார்கள். அவர் கை அந்த வாரைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

"முட்டி வலி. ஒக்காந்தா எழுந்திரிக்க முடியல" என்று பொய் சொன்னார்.

திரை வெள்ளையானது. மறுபடியும் எண் கேட்டது. அவர் எழுபது அடித்தார்.

"நான் ஒரு தரம் ஓட்டவாண்ணா?" என்று முன்னி நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் ஆள் இருக்குதும்மா என்று பொன்னுசாமிக்கு வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

முன்னி எழும்பினாள். ஐந்து நிமிஷம் போயிருப்பாள். முள்ளைப் பார்த்தாள், விமானத்தை ஒரே வளைப்பாக வளைத்துத் திரும்பிவிட்டாள். தரையைத் தொட்டபோது பாதிக்கு மேல் எரிபொருள் மிச்சம் இருந்தது.

"ஏம்மா திரும்பிட்ட?" என்றார் பொன்னுசாமி.

"எண்ணெ பத்தாதுன்னு தெரியுது. தெரிஞ்ச பின்னாடி எதுக்குப் போவணும்?"

"அவரு போனாரு."

"யாரு?"

ரியாசுதீனும் கதவோரம் வந்து நின்றான். பொன்னுசாமி பெஞ்சில் உட்கார்ந்தார். பதினைந்து வருஷத்துக்கு மேல் உள்ளே கிடந்தது அன்றைக்கு அந்த டைப் மெஷின்களுக்கு நடுவில் வெளியே வந்தது.

எழுபத்தொன்று டிசம்பர், யுத்த நேரம். வடக்கே ஒரு விமானதளம். ஃப்ளைட் லெஃப்டினன்ட் பணிக்கர், ஒற்றப்பாலத்துக்காரர், மலையாளி. அவருடைய அப்பா விழுப்புரத்தில் ரயில்வேயில் இருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆபீசர்கள் ஃபிட்டர்களிடம் வேலைக்கு மேல் பேசாத இடத்தில், "பொன்னு, உங்க செஞ்சிக் கோட்டை மேல நான் ஏறியிருக்கேன், தெரியுமா" என்று தோளில் கைபோட்டவர். ஒரு நாள் காலை அவர் போக வேண்டிய விமானம் பழுதாகி, கடைசி நேரத்தில் வேறொன்றைக் கொடுத்தார்கள். இறக்கைக்கு அடியில் தொங்கும் டாங்க்கிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்க இருபது நிமிஷம் பிடிக்கும். வலது பக்கம் பார்த்தாயிற்று. இடது பக்கம் பார்க்கவில்லை. சைரன் ஊதிக்கொண்டிருந்தது. எல்லோரும் சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். பொன்னுசாமி பார்த்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டார். ஏணியில் ஏறி வாரைப் பூட்டினார்.

"டீ குடிச்சியா பொன்னு?" என்று பணிக்கர் கேட்டார்.

"நீங்க வந்ததும் குடிக்கலாம் சார்."

கூடப் போன விமானம் மட்டும் திரும்பியது. இடது டாங்க்கிலிருந்து எரிபொருள் ஏறவில்லை, இருந்தாலும் போகிறேன் என்று பணிக்கர் ரேடியோவில் சொன்னாராம். மேகத்தில் பிரிந்துவிட்டார்கள். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. விசாரணையில் பொன்னுசாமியைக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் பார்த்தேன் என்றார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

"நாலு நிமிஷம்" என்றார் பொன்னுசாமி. "அந்த டாங்க் இல்லாட்டி எழுபதுதான். எப்படி ஓட்டினாலும் நாலு நிமிஷம் பத்தல."

முன்னி கேட்டாள்: "அவங்க வீட்டுக்கு இது தெரியுமாண்ணா?"

அந்தக் கேள்வி அதுவரை அவருக்கு வந்ததே இல்லை. தன் கையெழுத்தைப் பற்றியே நினைத்து நினைத்து, அந்தப் பக்கம் ஒரு வீடு இருப்பதை அவர் நினைக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் வசந்தாவிடம் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "தூக்கத்துல டாங்க்கு டாங்க்குன்னு பொலம்புவீங்க. நான் டிப்போ டாங்க்குன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். பரணிலிருந்து பையை எடுத்துவைத்து, "அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்றாள்.

பணிக்கரின் டிரங்குப் பெட்டியை அன்றைக்குக் கட்டி அனுப்பியவர்களில் பொன்னுசாமியும் ஒருவர். அதில் ஒட்டிய விலாசம் மறக்கவில்லை. நாலு நாள் லீவு போட்டு ஒற்றப்பாலத்துக்கு ரயிலேறினார்.

ஓட்டு வீடு. கதவைத் திறந்தவள் பணிக்கரின் தங்கை சுபத்ரா. நாற்பது வயதிருக்கும், பள்ளிக்கூட டீச்சர். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள், அவள் மட்டும்தான் இருந்தாள். விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் தமிழிலேயே பேசினாள். பொன்னுசாமி உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை, விசாரணையில் பொய் சொன்னதை, ரேடியோவில் பணிக்கர் சொன்னதை.

அவள் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. போய்விடலாமா என்று அவர் யோசித்தபோது காப்பியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அவன் கடைசியா என்ன பேசினான்?"

"டீ குடிச்சியான்னு கேட்டாரு."

"நல்ல மூட்லதான் இருந்தானா?"

"சிரிச்சிக்கினுதான் இருந்தாரும்மா."

அவள் தலையாட்டினாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "காணவில்லைன்னுதான் எங்களுக்குத் தந்தி வந்தது. செத்துட்டான்னு வரல. பிடிபட்டவங்களை விடறாங்கன்னு சொன்னப்போ அப்பா டெல்லிக்கே போய் நின்னார். அதுல அவன் இல்ல. ஆனாலும் அங்க ஏதோ ஒரு ஜெயில்ல இருக்கான்னு நம்பினார். சாகற வரைக்கும், ஒன்பது வருஷம். எந்த நேரத்துல வருவானோன்னு ராத்திரி வாசக்கதவுக்குத் தாப்பாள் போட விடமாட்டார். டாங்க் வேலை செய்யலன்னு, திரும்பி வர எண்ணெய் பத்தாதுன்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா அப்பா அழுதுட்டு எழுந்திருச்சிருப்பார். நீங்க கையெழுத்துப் போட்டதை நான் மன்னிப்பேனா தெரியல. அதுக்கப்புறம் இத்தனை வருஷம் பேசாம இருந்தீங்களே. அதுதான்."

பொன்னுசாமியின் கையில் காப்பி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"குடிங்க" என்றாள். குடித்தார்.

கிளம்பும்போது கதவைப் பார்த்தார். பழைய தேக்குக் கதவு. உள்பக்கத் தாழ்ப்பாள் துருப்பிடித்து, திறந்துவைத்த நிலையிலேயே இறுகிக் கிடந்தது. அப்பா போன பிறகும் அவள் அதைத் தொடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"தனியா இருக்கறீங்களே" என்றார்.

"இருக்கேன்."

"கொஞ்சம் தேங்கா எண்ணெ இருக்குமாம்மா?"

அவள் அவரையே பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வாள்போல இருந்தது. பிறகு போய்க் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். பொன்னுசாமி தரையில் மண்டியிட்டு, துணியில் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு ஊறவிட்டார். அம்மிக் குழவியால் ஓரத்தில் லேசாகத் தட்டினார். அரைமணி நேரம் ஆனது. துரு கறுப்பாகக் கரைந்து விரலில் ஒட்டியது. தாழ்ப்பாள் மெல்ல அசைந்தது. இரண்டு தடவை இழுத்துவிட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார்.

"இனிமே வேல செய்யும்" என்று எழுந்தார்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தார். பின்னால் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. அவர் நடக்காமல் நின்றார். உள்ளே அவள் நின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. வெயில் ஓட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, தாழ்ப்பாள் ஓடி விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.