கெல்லிக் காட்டுக்குப் போட்ட வேலி

நெரிஸ் கெல்லிக் காட்டை வாங்கியபோது அதற்குள் ஓர் இளமரம்கூட இல்லை. ஆறு ஏக்கர். ஓக், ஆஷ், நடுநடுவே ஹேசல் புதர், எல்லாம் கிழடு. பிறப்பே இல்லாமல் சாவு மட்டும் நடக்கிற ஊரைப் போல இருந்தது. ஆஷ் மரங்கள், நாடெங்கும் அந்த இனத்தையே கொன்றுவரும் பூஞ்சை நோய் கண்டு உச்சி காய்ந்து நின்றன. முன்பு வைத்திருந்தவர் பர்மிங்காமில் உட்கார்ந்துகொண்டு இருபது வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. மலைப்பக்கத்துக் கல்சுவர் ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. அந்த வழியாக, மலையில் மந்தை வைத்திருந்த எமிரின் ஆடுகள் உள்ளே வரும். தரையில் எது தலைகாட்டினாலும் அன்றைக்கே தின்றுவிடும்.

நெரிஸ் கார்டிஃப் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவள். பிள்ளை குட்டி இல்லை. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு, அம்மாவின் வீட்டை விற்று, இந்தக் காட்டையும் அதன் அடியில் ஒரு சிறு வீட்டையும் வாங்கினாள். "எனக்கப்புறமும் இருக்கிற ஒண்ணு வேணும்னு தோணிச்சு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, விட்டால் அது அவளுக்கு முன்னால் போய்விடும் என்று.

அந்த இலையுதிர் காலத்தில் ஓக் மரங்கள் விதைகளைக் கொட்டோ கொட்டென்று கொட்டின. நடந்தால் காலடியில் நொறுங்கின. எல்லா வருஷமும் அப்படிக் காய்க்காது. இந்தக் குளிருக்குள் வேலி போட்டால் காடு பிழைக்கும். தவறினால் அடுத்த காய்ப்பு எப்போதோ. அவள் நேரே எமிரின் வீட்டுக்குப் போனாள்.

எமிருக்கு எழுபது வயது. தனிக்கட்டை. எங்கள் மலையில் வேலி கிடையாது. எந்த மந்தை எங்கே மேய வேண்டும், காற்று திரும்பினால் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் ஆடுகளுக்கே தெரியும். தாயின் பின்னால் நடந்து குட்டி கற்றுக்கொள்ளும். எமிருடைய தாத்தா விட்ட மந்தையின் வழிதான் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

"காட்டுக்கு வேலியா?" என்றார் எமிர். "மரம் எங்கம்மா ஓடிப் போகப் போகுது?"

"மரம் ஓடாது. உங்க ஆளுங்கதான் விருந்துக்கு வர்ற மாதிரி வர்றாங்க."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து வருதுங்க."

"அதான் உள்ள ஒரு கன்னுகூட இல்ல. முப்பது வருஷமா பல்லு பாத்தவ நான். உங்க ஆட்டுப் பல்லு மாதிரி எங்கயும் பாத்ததில்ல."

எமிர் சிரித்துவிட்டார். பிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். "கிழக்குக் காத்தோட பனி வந்தா அந்தக் காட்டுலதான் ஒதுங்கும். இனி எங்க போகும்?"

அதை அவள் ஏற்கெனவே யோசித்திருந்தாள். "கேட் வெக்கறேன். பூட்டு போட மாட்டேன். பனி வரும்னு தெரிஞ்சா நீங்களே வந்து திறந்துக்கலாம்."

"அப்ப கீழ் மூலையில வைங்க. அங்கதான் டிராக்டர் வரும்."

கை குலுக்கிக்கொண்டார்கள். வேலி போட்ட நாலு நாளும் எமிர் கூட நின்று கம்பம் பிடித்தார். சுவர் சரிந்த இடம் மேலே, கேட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி. அங்கே குறுக்கே முள்கம்பியை இழுத்துக் கட்டியபோது முனையைப் பிடித்தவரும் அவர்தான்.

மார்ச்சில், ஆடுகள் நிறைசூலாக இருந்த நேரத்தில், பனிப்புயல் வந்தது. சாயங்காலம்தான் ஆரம்பிக்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள். எமிர் காலையிலேயே வந்து கேட்டை அகலத் திறந்து, காற்றில் மூடிக்கொள்ளாமல் ஒரு கல்லை அண்டக் கொடுத்தார். நெரிஸ் தன் பங்குக்கு இரண்டு கட்டு வைக்கோலை மரத்தடியில் பிரித்துப் போட்டாள். இருவரும் தங்கள் தங்கள் வீட்டுக்கு நிம்மதியாகப் போனார்கள். மதியத்துக்கு முன்பே பனி இறங்கிவிட்டது. இரண்டு நாள் வாசற்கதவைத் திறக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் எமிர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வந்தார். கேட் திறந்தபடியே இருந்தது. காட்டுக்குள் ஒரு குளம்படி இல்லை. வைக்கோல் போட்டது போட்டபடி கிடந்தது.

"வரவேயில்லையே" என்றாள் நெரிஸ். "வேற எங்கயாவது ஒதுங்கியிருக்குமா?"

 எமிர் மெல்ல மேலே திரும்பி, சுவர் சரிந்த பக்கம் பார்த்தார். அவர் முகம் சுண்டிப் போனது.

ஆட்டுக்குக் கேட் தெரியாது. அதற்குத் தெரிந்தது வழி. தாய் வந்த வழியில் வந்து, எப்போதும் நுழைகிற இடத்தில் கம்பி குறுக்கே நிற்கக் கண்டு, அங்கேயே நின்றுவிட்டன. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றை நெருக்கின. முகத்தில் அடிக்கிற காற்றுக்கு எதிராக எந்த ஆடும் திரும்பி நடக்காது. பனி மேலே ஏறி மூடிவிட்டது.

இருவரும் பொழுது சாயும்வரை தோண்டினார்கள். மூச்சு பட்டுப் பனி மஞ்சளாகக் கரைந்திருந்த இடங்களில் முதலில். அப்படி மூன்று உயிரோடு கிடைத்தன. முப்பத்தொன்று செத்திருந்தன, எல்லாம் கம்பியைப் பார்த்தபடி. ஒன்றின் நெற்றிக் கம்பளி முள்ளில் சிக்கியிருந்தது. நெரிஸ் கையுறையைக் கழற்றி அதை ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டாள்.

"நான் போட்ட வேலி" என்றாள்.

"எடத்தைச் சொன்னவன் நான்." எமிர் மண்வெட்டிமேல் சாய்ந்து நின்றார். "எழுபது வருஷம் ஆட்டோட கெடந்தவன். டிராக்டர் வர்றதைப் பத்தி யோசிச்சிருக்கேன் பாருங்க."

வழி பழகாத இளசுகள் பதினாறு, வேறு சரிவில் பாறை மறைவில் நின்று பிழைத்திருந்தன. தெரிந்தவை போய்த் தெரியாதவை மிஞ்சின. ஏப்ரலில் எமிர் எல்லாவற்றையும் சந்தைக்கு ஏற்றிவிட்டார். "சொல்லிக் குடுக்கத் தாய் இல்லாத ஆடுங்க" என்றார். "மலையில விட்டா எவன் தோட்டத்துலயாவது போய் நிக்கும். புதுசா வாங்கி வழி பழக்க எனக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?"

மே மாதம் காட்டுக்குள் ஓக் கன்றுகள் முளைத்தன. விரல் உயரம், செம்பு நிறத்தில் இரண்டு மூன்று இலை. கால் வைக்க இடமில்லாமல் அத்தனை. எதற்காக எல்லாம் செய்தாளோ அது கண்ணெதிரே இருந்தது; அவளால் குனிந்து தொட முடியவில்லை. வீட்டுக்குப் போய்க் குறடு எடுத்து வந்தாள். சுவர் சரிந்த இடத்தில் கம்பிகளை மேலிருந்து கீழ்வரை அறுத்து, இருபக்கமும் விலக்கி விட்டாள். வருவதற்கு எமிரின் ஆடு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தும்தான்.

மறுநாள் போய்ப் பார்த்தால், அறுத்த கம்பிகள் ஒவ்வொன்றும் வைக்கோல் கட்டுகிற நீலக் கயிற்றால் இழுத்து முடிச்சுப் போடப்பட்டிருந்தன. குட்டிக்குக் கால் கட்டுகிற முடிச்சு.

எமிர் தன் வீட்டுச் சமையலறையில் தேநீரோடு இருந்தார். அவள் வாசலில் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

"கம்பி அறுந்திருந்திச்சு" என்றார். "மேல் பண்ணைக்காரன் ஆடு புகுந்திடும். அவன் ஆட்டுக்கு மரியாதை தெரியாது."

"எமிர்."

"அவ்ளோ முளைச்சிருக்கே. பாத்தேன்." கொஞ்ச நேரம் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "இனி அறுக்காதே தாயி. எனக்கு முட்டி வலிக்குது, தினம் மேல ஏறிக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது."

நெரிஸ் உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் இன்னொரு கோப்பை எடுக்க எழுந்தார்.