ஜாக் பொருத்துவதற்கு முந்தைய பத்து நிமிடம்

1

இந்தக் கதை ஒரு அற்ப ஆசையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்ட உங்களுக்கு வசதியாக இருக்கும்.

ஒரு நல்ல கிட்டாரில் துளை போடுவதை நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கிட்டார் பழுதுபார்க்கும் சசிதர் எனக்குப் பழக்கம். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவன். “யாராவது சாதாரணக் கிட்டாருக்கு பிக்கப் போடக் கொண்டுவந்தால் கூப்பிடு” என்று சொல்லிவைத்திருந்தேன். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் மெல்லிய பட்டை. ஜாக் என்பது ஸ்பீக்கர் ஒயரைச் செருகுகிற வாய். அந்த வாய்க்காகக் கிட்டாரின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மரத்தைத் துளைக்க வேண்டும். துளைத்தால் துளைத்ததுதான். துளை போடும்போது கிட்டார்க்காரர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து ஒரு சிரிப்புக் கதை எழுதலாம் என்றுதான் போனேன். சிரிப்புக் கதை! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: “சத்தி ரோட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு...” (கைவிட்டேன். வெயில் இல்லாமல் ஒரு கதையைத் தொடங்க எனக்கு வராது போலிருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: “தெய்வாத்தாள் அந்தக் கிட்டாரைக் கைக்குழந்தையைப் போல...” (பொய். பஸ்ஸில் வந்தவர் எப்படி வருவாரோ அப்படித்தான் வந்தார். உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டிலோடு, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு.)

2

தெய்வாத்தாளுக்கு ஐம்பது வயதிருக்கும். காரமடை. அங்கன்வாடியில் வேலை. கணவர் இல்லை. சர்க்கரையால் கண்பார்வை மங்கிவருகிறது. ஒரே மகள் வர்ஷினி, கல்லூரி மாணவி, எட்டு மாதத்துக்கு முன் மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனாள். சிக்னலில் தன் வண்டியில் நின்றுகொண்டிருந்தவள் மீது லாரி ஏறியது. கேமராவில் பதிவாகியிருக்கிறது. அவள் போனும் வண்டியோடு நசுங்கிப்போனது.

(மகளின் பெயரை மாற்றலாம் என்றிருந்தேன். “எழுதறதுன்னா எழுதிக்குங்க தம்பி, பேரை மட்டும் மாத்தாதீங்க” என்று சொல்லிவிட்டார்.)

இதெல்லாம் எனக்குக் கடையில்தான் தெரிந்தது. அன்று கரண்ட் இல்லை. சசிதர் பேட்டரியில் ஓடும் டிரில் மெஷினை இரவல் வாங்க அடுத்த தெருவுக்குப் போயிருந்தான். நானும் அவரும் மட்டும்.

“ஜாக் போட்டுக் குடு, போட்டுக் குடுன்னு ரெண்டு வருசமா எம்புள்ள கேட்டாளுங்க. மேடைல மைக் முன்னாடி வாசிச்சா ஆருக்கும் கேக்கறதில்லையாமா. நல்ல பொருளுல ஓட்டை போடறதான்னு நாந்தான் முடியாதுன்னுபோட்டேன். இப்ப அவ சிநேகிதப் புள்ளைக காலேஜ்ல அவளுக்காகப் பாடறாங்களாமா. அவ கிட்டார்லயே வாசிக்கோணுங்கறாங்க. போட்டாப் போச்சு ஓட்டை, இனி அதுல என்னங்க இருக்குது” என்றார்.

இந்த இடத்தில் கிட்டாருக்கு உள்ளே இருந்து மகளின் கடிதம் ஒன்று கிடைப்பதாக எழுதிப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். நன்றாகவே வந்தது. உண்மையில் சசிதர் பின்னர் உள்ளே கைவிட்டுத் துடைத்தபோது வெறும் தூசிதான் கிடைத்தது. கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

3

உறையைத் திறந்து கிட்டாரை மேசைமேல் வைத்தார். ஒருமுறை மட்டும், மேலிருந்து கீழாக, கட்டைவிரலால் ஆறு கம்பிகளையும் தடவினார். தாழ்ந்த, கொஞ்சம் தூங்கி எழுந்த குரல் மாதிரி ஒரு சத்தம்.

“இது அவ வெச்ச சுதிங்க தம்பி. அன்னிக்குக் காலைல வாசிச்சுட்டு வெச்சுட்டுப் போனா. எட்டு மாசமா இந்தத் திருகாணி ஒண்ணக்கூட நான் தொடலை, ஆரையும் தொட உடலை. ஓட்டை போடறதுக்குக் கம்பியக் கழட்டித்தான் ஆவோணுமாமா. அதுக்கு முன்னாடி ஒரு தாட்டி போன்ல புடிச்சு வெச்சுக்கறேன்.”

போனை எடுத்தார். அணைந்திருந்தது. கடையில் கரண்ட் இல்லை. கீழே பேக்கரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“சித்த நேரம் சார்ஜ் போட்டுட்டு வாரேன். அதுக்குள்ள அந்தத் தம்பி வந்தா, கம்பியத் தொட வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. மறந்தறாதீங்க சாமி.”

“நான் பார்த்துக்கறேங்க்கா, நீங்க போயிட்டு வாங்க” என்றேன்.*

* என் சட்டைப்பையில் என் போன் இருந்தது. எண்பத்தொரு சதவீதம் சார்ஜ். அதில் பதிவு செய்து கொடுத்திருக்கலாம். இது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. உங்களுக்கு முன்பே உறைத்திருந்தால் நீங்கள் என்னைவிட நல்ல மனிதர்.

4

அவர் இறங்கிப் போனதும் குறிப்பேட்டை எடுத்தேன். ‘ஆரையும் தொட உடலை’ என்று எழுதினேன். என்ன வாக்கியம்! அடிக்கோடு போட்டேன். இதைக் கதையின் முதல் வரியாக வைப்பதா கடைசி வரியாக வைப்பதா என்று யோசித்தேன். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ‘தூங்கி எழுந்த குரல்’ என்று எழுதி அடித்தேன், திரும்ப எழுதினேன். சசிதர் வந்தது தெரியும். “வந்துட்டாங்களா சார்?” என்று கேட்டான். “ம்” என்றேன். நிமிரவில்லை.

சசிதருக்கு ஒரு வழக்கம். எந்தக் கிட்டார் மேசைக்கு வந்தாலும் முதல் வேலையாக ஆறு கம்பிகளையும் தளர்த்திவிடுவான். கழுத்துக்கு இழுவை குறையவேண்டும் என்பான். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் திருகி வைத்திருக்கிறான். கிர்ர், கிர்ர் என்று ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. விழுந்தது மட்டுமல்ல, குறிப்பேட்டில் ‘கிர்ர்’ என்று எழுதியும் வைத்திருக்கிறேன். இப்போதும் இருக்கிறது.

ஆறாவது கம்பியில்தான் தலை தூக்கினேன்.

“அய்யோ, நிறுத்து!”

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போனது. “முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா சார்? எதுல வெச்சிருந்தாங்கன்னு இப்ப எப்படிங்க கண்டுபிடிக்கறது?” பிறகு அவனே, “எட்டு மாசத்துல கம்பி தானாவே எறங்கியிருக்கும் சார். அந்தப் பொண்ணு வெச்சது எப்பவோ போயிருக்கும்” என்றான்.

(இது எனக்கு ஆறுதலாக இருந்ததாக இரண்டு வரைவுகளில் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். தானாகப் போயிருந்தால் அது அந்தத் தாய் வீட்டில், அவர் கண்முன் போயிருக்கும். நாங்கள் போக்கியது வேறு.)

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“எல்லாரும் வெக்கற சுதில வெச்சிரட்டுங்களா?” என்று சசிதர் கிசுகிசுத்தான். இதற்கு அடுத்த வரியை அவன் தலையில் கட்ட மிகவும் முயன்றேன். அவன் கேட்டான், அவ்வளவுதான். “வெய்” என்று சொன்னது நான். கிட்டாரின் தலையில் சுதி காட்டும் டியூனரை மாட்டி, பச்சை விளக்கு எரிய எரிய ஆறு கம்பிகளையும் ஏற்றினான். அவர் படி முடியும் இடத்தில் மூச்சு வாங்க நின்றது எங்களுக்கு உதவியது.

தெய்வாத்தாள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். மூன்றாவதில் நின்றார்.

“கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களோ?”

சசிதர் டிரில் பிட்டுகளை அடுக்கத் தொடங்கினான்.

“கீழ ஜெனரேட்டர் இரைச்சல்ல இருந்துட்டு வந்தீங்கல்லங்க்கா, அதான் அப்படித் தோணுது” என்றேன்.

“அப்படிங்களா” என்று சொல்லி, பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு ஆறையும் தட்டினார். பிறகு சசிதர் துளை போட்டான். மரத்தூள் மேசையில் கொட்டியது. நான் பார்க்கவில்லை.

5

கதை இங்கே முடிந்திருந்தால் ஒரு சின்னப் பாவத்தோடு போயிருக்கும்.

காலேஜ் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் அஃப்ஷீன் என்ற பெண், வர்ஷினியின் தோழி, பாட்டுக்காரி, கிட்டாரை வாசித்துப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, அவ எப்பவுமே அரைக் கட்டை எறக்கித்தான் வெப்பா” என்றாளாம். தெய்வாத்தாள் போனை எடுத்துப் போட்டுக் காட்டினாராம். “இல்ல கண்ணு. கடைசியா இப்படித்தான் வெச்சிருந்தா.” அந்தச் சுதியிலேயே பாட வைத்தார். மேடையில் உச்சத்துக்குப் போனபோது அஃப்ஷீனின் குரல் உடைந்தது. அழுகிறாள் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.

அதற்கு மறுவாரம் எனக்கு போன் வந்தது.

“தம்பி, எழுதறவருங்கறதால கேக்கறேன். ரெண்டு வருசமா ஒரே சுதில வாசிச்ச புள்ள அன்னிக்குக் காலைல மட்டும் ஏனுங்க மாத்தோணும்?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“மனசுல ஏதோ வெச்சுட்டுத்தான் போயிருக்கறாளுங்களா? லாரி வந்தது தெரிஞ்சும் நின்னுட்டாளோ என்னமோ. அந்தக் கேமராப் படத்தக் கேட்டு வாங்கி மறுக்காவும் பாத்தனுங்க. கண்ணுதான் சரியாத் தெரிய மாட்டீங்குது.”

எட்டு மாதமாக அவருக்கு இருந்த ஒரே பிடி, அது விபத்து என்பதுதான். அதை நான் பிடுங்கிவிட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சொன்னால் போனில் இருக்கும் அந்த ஆறு சத்தங்களும் ஒரு கடைக்காரனின் டியூனர் சத்தமாகிவிடும். தினமும் காலையில் காபி வைக்கும்போது அதைப் போட்டுக் கேட்கிறாராம்.

“அப்படியெல்லாம் இருக்காதுங்க்கா” என்றேன். “என்னமோங்க” என்று வைத்துவிட்டார்.

6

முடிவுகள்.

அ. நான் உண்மையைச் சொல்கிறேன். அவர் என்னை மன்னிக்கிறார். (எனக்கு வசதியான முடிவு. அடித்துவிட்டேன்.)

ஆ. சொல்கிறேன். அவர் மன்னிக்கவில்லை. ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறார். (இதில் நான் தியாகி ஆகிவிடுகிறேன். இதுவும் வேண்டாம்.)

இ. சொல்லவில்லை. அவர் அந்தக் கேமராப் படத்தை இன்னொரு முறை

இதை எழுத முடியவில்லை.

கதை முடிந்துவிட்டதா என்று போன வாரம் கேட்டார். “எனக்கு எழுத்து தெரியறதில்லீங்க, ஊட்டுக்கு வந்து நீங்களே படிச்சுக் காட்டுங்க.” ஞாயிற்றுக்கிழமை காரமடைக்குப் போனேன். பையில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றில் நான்காம் பகுதியும், பின்னால் அதைத் தொடும் வரிகளும் கிடையாது. உங்கள் கையில் இருப்பது மற்றது. அதை வைத்து அன்று நான் எதை எடுத்தேன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மூன்றாம் பகுதி வரை இரண்டும் ஒன்றுதான்.

சுவரோரம் கிட்டார் நின்றது. அடிப்பக்கத்தில் ஜாக்கின் வளையம் பளபளத்தது. தெய்வாத்தாள் காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். படித்தேன். அற்ப ஆசை, வெயில், தண்ணீர் பாட்டில். கிழித்த கடிதத்துக்குச் சிரித்தார். எண்பத்தொரு சதவீதத்துக்கு, “அட, பரவால்லீங்க தம்பி, எனக்கும் கேக்கத் தோணலையே” என்றார்.

மூன்று முடிந்தது. பக்கத்தைப் புரட்டினேன். ஒரு வாய் காபி குடித்தேன், அது ஆறியிருந்தது.

“அப்பறம்ங்க?” என்றார்.