கலப்படமில்லாத வண்டி

கிளட்ச் லீவர் பிடிமானமே இல்லாமல் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டபோது அவள் நாற்சந்தியின் நட்டநடுவில் இருந்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. பின்னால் வந்த வேன்காரன் ஹார்னில் வைத்த கையை எடுக்க மறந்துவிட்டவன் போல அமுக்கிக்கொண்டே இருந்தான். திரும்பிப் பார்த்து முறைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கேபிள் நுனியில் இருக்கும் ஈயக்குண்டு கழன்றுவிட்டது என்று பார்க்காமலே தெரியும். இரண்டு முறை கழன்று, இரண்டு முறையும் அவள் கணவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் கையாலேயே பற்றவைத்த குண்டு அது. பற்றவைத்த கையோடு அதைப் போட்டோவும் எடுத்தான்.

பின்சீட்டில் வாரால் இறுக்கிக் கட்டிய நீலநிற ஐஸ் பெட்டி. அதற்குள் காலையிலிருந்து எடுத்த ரத்தக் குழாய்கள். ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. அவள் போகும் தெருக்களில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். ரத்தத்தை எடுத்துவிட்டால் போதாது, சூட்டோடு சூடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே சர்க்கரை இறங்கிவிடும், அணுக்கள் உடையும், பிறகு கொட்ட வேண்டியதுதான். அன்றைய பெட்டியில் ஒரு டீச்சரம்மாவின் ரத்தமும் இருந்தது. ஓய்வு பெற்று, படுக்கையோடு கிடப்பவர். நரம்பு நூல் மாதிரி. மூன்று இடத்தில் குத்தி, நான்காவது இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தது.

வண்டியைத் தள்ளினாள். மேட்டில் தள்ளும்போது வண்டியின் டிஜிட்டல் மீட்டர் நீல வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. வேகம், கியர், எரிபொருள், வெப்பநிலை எல்லாவற்றையும் காட்டுகிற மீட்டர். அறுந்ததை மட்டும் காட்டாது.

அது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நூற்றிருபத்தைந்து சிசி வண்டி. அவள் கணவன் வாங்கியது. அதே வாரம் அவனுடைய அண்ணனும் ஒரு வண்டி வாங்கினார். அது ஊரறிந்த பழைய கம்பெனியுடையது. அண்ணன் வண்டியில் முன்பக்கம் டிரம் பிரேக், மஞ்சளாக ஒரு விளக்கு, முள்ளாடும் மீட்டர். தம்பி வண்டியில் டிஸ்க் பிரேக், அலாய் சக்கரம், வெள்ளை வெளேரென்று எல்இடி. விலையோ அண்ணன் வண்டியைவிடக் குறைவு. "பேருக்குக் காசு குடுத்துட்டு வந்திருக்கான் எங்கண்ணன்" என்று இவன் சிரித்தான். "மீட்டரைப் பாத்து வண்டி வாங்கினவன்" என்று அவர் சிரித்தார். சிரிப்பு அன்றோடு முடிந்திருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். இருவரும் இணையத்தில் ஒரே வாகனக் குரூப்பில் உறுப்பினர்கள். அங்கே ஒப்பீடு தொடங்கியது. எது எவ்வளவு மைலேஜ், எதில் எது துருப்பிடித்தது, எது குளிரில் எத்தனை முறை மக்கர் செய்தது என்று மூன்று வருடமாக அடித்துக்கொண்டார்கள். முகம் தெரியாத நூறு பேர் கைதட்டினார்கள்.

அதில் ஒரு விதி உண்டு. அவள் கணவனே போட்டது. இந்த வண்டியில் அந்தக் கம்பெனிப் பொருளோ, அந்த வண்டியில் இந்தக் கம்பெனிப் பொருளோ ஏறக்கூடாது. ஒரு நட்டு மாறினாலும் அது ஒப்பீடு இல்லை, கலப்படம்.

வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்கிறவன், இந்த விதி விஷயத்தில் மலையாக நின்றான். வண்டியை ஓட்டுகிறவள் அவள். அவன் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிறவன், கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன்.

பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேலாளர் அம்மா கண்ணாடிக் கதவருகே நின்றிருந்தாள். கத்துகிற ஆளில்லை. அதுதான் பயம்.

"டீச்சரோடது போச்சு. நாளைக்குக் காலைல திரும்ப எடுக்கணும், நானே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்" என்றாள். "இதான் கடைசி. நாளைக்கும் லேட்டாச்சுன்னா ரவுண்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீ ரிசப்ஷன்ல உக்காந்து டோக்கன் குடு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அவளுக்கு அது நிம்மதி இல்லை. டோக்கன் நாற்காலியை அவளுக்குத் தெரியும். அதில் உட்கார்ந்தவர்கள் சுவரில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தே வருடங்களைக் கழித்தார்கள். ரவுண்டில் ஏன், எங்கே என்று கேட்க ஆள் கிடையாது. விடிந்தும் விடியாத தெருக்கள், தனக்காகத் திறக்கிற கதவுகள், தலை வாராத மனிதர்கள் நம்பி நீட்டுகிற கைகள். நாளில் அவளுடையது என்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அது ஒரு ஈயக்குண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

மதியம் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனாள்.

"கேபிள் இருக்காண்ணே?"

"இந்த வண்டிக்கா? கப்பல்ல வருதுக்கா."

"போன தடவையும் கப்பல்லதான் வந்துச்சு."

"அதே கப்பல்தான். இன்னும் கரைக்கு வரல."

சுவரில் ஆணி ஆணியாகக் கேபிள்கள் தொங்கின. எல்லாம் பழைய கம்பெனியுடையவை. அவள் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டு அவரே ஒன்றை எடுத்து வண்டிமேல் வைத்து அளந்து காட்டினார். "கரெக்டா உக்காரும்க்கா. ரெண்டு விரக்கடை நீளம் கூட, அவ்வளவுதான். விளக்குக்குப் பின்னால வளைச்சு விட்டா தெரியாது." அளந்துவிட்டுத் திரும்ப ஆணியில் மாட்டினார். "ஆனா போடமாட்டேன்."

"ஏன்?"

"உங்க வீட்டுக்காரரு சொல்லிருக்காரு. அந்தக் கம்பெனி வாஷர் ஒண்ணு உள்ள போனாலும் குரூப்புல என் கடையை நாறடிச்சிடுவாராம்."

"வண்டிய ஓட்டுறது யாரு?"

"நீங்க."

"தள்ளுறது?"

"அதுவும் நீங்கதான்."

"அப்ப யாரு சொன்னா போடணும்?"

மெக்கானிக் கிரீஸ் கையாலேயே காதைச் சொறிந்தார். "நியாயம்தான்க்கா. ஆனா வண்டி அவர் பேர்லதானே இருக்கு."

அவளுக்கு வந்த கோபத்தில் அங்கே கிடந்த ஸ்பேனரை எடுத்து நீல மீட்டரை அடித்து நொறுக்கியிருக்கலாம். அப்போதுதான் கடையின் மூலையில் தார்ப்பாய் போர்த்திய வண்டி கண்ணில் பட்டது. பின்பக்க மட்கார்டில் நெளிவு. அவளுடைய மூத்தாரின், கணவனின் அண்ணனுடைய வண்டியேதான். கார்புரேட்டர் இருக்கும் இடத்தில் ஒரு புதுசு மின்னியது. பக்கத்து ஸ்டூலில் அது வந்த அட்டைப் பெட்டி. அதன்மேல் இருந்த கம்பெனி முத்திரை, தினமும் தன் முழங்கால் இடிக்கிற டேங்கில் இருக்கும் அதே முத்திரை.

டீக்கடையிலிருந்து கையில் பிஸ்கட்டோடு வந்த மூத்தார் அவளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஏம்மா, நீ எங்க இங்க?"

"கேபிள் அந்துபோச்சு மாமா. நீங்க?"

அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிஸ்கட்டைக் கடித்தார்.

"எங்க கம்பெனி கார்புரேட்டருக்குச் சொன்ன விலைல பாதி வண்டி வாங்கலாம்மா. இது அச்சு அசல் அதே மாதிரி உக்காருது. நல்லாத்தான் இழுக்குது, பொய் சொல்லக்கூடாது." குரல் தாழ்ந்தது. "தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத. அவன் என்னை உயிரோட விடமாட்டான்."

"நான் ஏன் மாமா சொல்லப்போறேன்? எனக்கு அந்தக் கேபிளைப் போடச் சொல்லுங்க, போதும்."

மூத்தார் மெக்கானிக்கிடம் தலையை அசைத்தார். அவ்வளவுதான். அவள் அவ்வளவு நேரம் உயிரைக் கொடுத்துப் பேசியும் இறங்காத கேபிள், ஒரு ஆம்பளைத் தலையாட்டலில் ஆணியிலிருந்து இறங்கியது. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும்போது கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அந்த வண்டி அவள் சொன்னதைக் கேட்டது.

சாயங்காலம் கணவன் வந்தான். செருப்பைக் கழற்றும் முன்பே வழக்கம்போல் வண்டியைச் சுற்றி வந்து, லீவரை ஒரு பிடி பிடித்தான். முகம் மாறியது.

"இது நம்ம கேபிள் இல்லையே."

"ஆமா."

"யாரு போட்டா?"

"நான்தான் போடச் சொன்னேன். நாளைக்கு லேட்டாப் போனா ரவுண்டு போயிடும். டோக்கன் குடுக்கச் சொல்றாங்க."

அவன் கேட்டானா என்றே தெரியவில்லை. உள்ளே போய் டூல் பெட்டியோடு வந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளக்குக்குப் பின்னால் கையை விட்டான். "மூணு வருஷம்டி. ஒரு பொருள் மாத்தாம மூணு வருஷம். எல்லாத்தையும் ஒரே நாள்ல கெடுத்துட்ட. பழசைத் தூக்கிப் போடலையே? ராத்திரிக்குள்ள பத்தவச்சுத் தர்றேன்."

"நீங்க பத்தவச்சதுதான் அந்துச்சு."

"இந்தத் தடவை அறாது."

லாக் நட் சுழன்று கழலும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்றும் கழன்றது. மூத்தாருக்குக் கொடுத்த வார்த்தை நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னாள்.

"உங்கண்ணன் வண்டியில இருக்கிறது உங்க கம்பெனி கார்புரேட்டர்."

அவன் கை நின்றது. இனிமேலாவது வெட்கப்பட்டு ஸ்பேனரைக் கீழே வைப்பான், ரெண்டு பேருமே முட்டாள்கள்தான் என்று ஒரு சிரிப்பாவது சிரிப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் முகம் கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்ததில்லை.

"நிஜமாவா? நீயே பாத்தியா? பெட்டியோடயா?" எழுந்தே விட்டான். "அப்ப நாமதான் ஜெயிச்சோம்! அவன் கலந்துட்டான். இப்பப் போய் நாம கலக்கலாமா?" மறுபடி உட்கார்ந்து இரட்டை வேகத்தில் கழற்றினான். கேபிள் முழுசாகக் கையில் வந்ததும், முதல் வேலையாக அண்ணனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான்.

"என்னண்ணே, கார்புரேட்டர் நல்லா இழுக்குதா?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. பிறகு, "உன் பொண்டாட்டி சொன்னாளா?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"யாரு சொன்னா என்ன? உன் கம்பெனி பல்லைக் காட்டிடுச்சா இல்லையா?"

"டேய், உன் வண்டி இன்னைக்கு வீடு வந்து சேந்ததே என் கம்பெனி கேபிள்லதான்டா. போடச் சொன்னதே நான்தான்."

"அதான் கழட்டிட்டனே!"

"கழட்டிட்டியா?" மூத்தார் உண்மையிலேயே திகைத்துப் போனவர் போலக் கேட்டார். "அப்ப நாளைக்கு அந்தப் பொண்ணு எதுலடா போகும்?"

அவன் கையில் தொங்கிய கேபிளைப் பார்த்தான். ஸ்பீக்கரில் அண்ணன் "என்னடா, இருக்கியா?" என்று இரண்டு முறை கேட்டார். அவன் போனை அணைத்தான். கேபிளை வண்டி சீட்டின்மேல் வைத்தான், எறியவும் இல்லை, மாட்டவும் இல்லை. உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மெக்கானிக் மாட்டியதை மதியம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். குண்டை லீவர் குழியில் உட்கார வைத்து, வயரை விளக்குக்குப் பின்னால் வளைத்து, எஞ்சின் பக்கக் கொக்கியில் இழுத்து மாட்ட இரண்டு நகம் உடைந்தது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரியவில்லை. கழன்றுவிடுமோ என்ற பயத்தில் முடிந்தமட்டும் இறுக்கினாள். அவன் துவட்டிக்கொண்டு வெளியே வந்து, வாசற்படியில் நின்று பார்த்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அப்படி இறுக்காதே என்றும் சொல்லவில்லை.

காலையில் பத்துப் பதினைந்து உதைக்குப் பிறகு வண்டி கிளம்பியது. ஆனால் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாள். மேட்டில் கிளட்ச் பிடிக்காமல் நழுவியது; எஞ்சின் கத்தியது, வண்டி ஏறவில்லை. ஏதோ தீய்கிற வாடை வந்தது. நடந்து போகிற ஒருவர் அவளைத் தாண்டிப் போனார். எப்படியோ டீச்சரம்மா வீட்டு வாசல் வரை வந்துவிட்டாள். நியூட்ரலில் போட்டு, ஸ்டாண்டைச் சாய்த்து, வண்டியை அப்படியே ஓடவிட்டுப் பெட்டியோடு உள்ளே போனாள்.

"வண்டி ஓடிட்டே இருக்கேம்மா" என்றார் டீச்சர்.

"நிறுத்தினா நிறுத்தினதுதான் டீச்சர்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கை ஆடியது. நேற்றுக் குத்திய இடங்களெல்லாம் கன்றிப்போய் ஊதாவாக இருந்தன. அவள் ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தடவித் தடவித் தேடினாள். முழங்கைக்குக் கீழே, எலும்பை ஒட்டி, மெல்லிசாக ஒன்று துடித்தது. ஊசியைப் படுக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். குழாயில் முதல் சொட்டு தயங்கி வந்தது. ஜன்னலுக்கு வெளியே எஞ்சின் சத்தம் ஒருமுறை இறங்கி, திக்கி, ஏறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை அசையும். குழாயில் ரத்தம் கால்வாசி, அரைவாசி என்று கருஞ்சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. வெளியே சத்தம் மறுபடியும் இறங்கியது. அவள் அடுத்த குழாயை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, ஊசியை அசையாமல் பிடித்திருந்தாள்.