சக்களத்தியின் கண்

1

இந்தக் கதை கானா நாட்டின் டமாலே நகரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஆஸாரா சொன்னாள். முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஆஸாராவுக்கு இளையாள் பெற்ற பிள்ளையும் தன் பிள்ளை போலத்தான். அவனைத் தூக்கிக் கொஞ்சாத நாளே...

பொய். அந்த வரியை அடித்துவிட்டேன். அவளுக்குப் பொறாமை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

ஆஸாராவுக்கு மூன்றும் பெண்கள். கணவன் யாகுபு வேலை முடிந்து வந்தால் நேராக இளைய மனைவி மெமுனாவின் அறைக்குத்தான் போவான். அங்கே வும்பினி இருந்தான். கைக்குழந்தை, ஆண்.

அவனிடம் ஏதாவது குறை தென்படாதா என்று ஆஸாரா பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் வளைந்திருக்கிறதா? காது கேட்கிறதா? ஒருநாள் மெமுனா குளிப்பாட்டும்போது அவன் வீறிட்டு அழுதான். வலது தொடையிடுக்கில் கினிக்கோழி முட்டை போல ஒரு புடைப்பு எழும்பியது. தூங்கியதும் காணவில்லை.

"முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றாள் என்னிடம்.

(இந்த வரியை நீக்கிவிட்டால் அவள் நல்லவளாகத் தெரிவாள். ஆனால் இந்தச் சந்தோஷம் இல்லையென்றால் அவள் மறுபடி மறுபடி பார்த்திருக்கவே மாட்டாள்.)

பார்த்தாள். அழுதால் வந்தது, முக்கினால் வந்தது. சந்தோஷம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது.

3

"மெமுனா, பையனுக்கு இடுக்குல குடல் இறங்குது. டாக்டர்கிட்ட காட்டு."

"எல்லாப் புள்ளைக்கும் தொப்புள் பிதுங்கித்தானேக்கா இருக்கு? உங்க கடைசிக்கும் இருந்துச்சே."

"தொப்புள்னா பெரும்பாலும் தானா சரியாயிடும். இது வேறடி. நர்ஸ் சொன்னாங்கல்ல?"

(எடை போடும் இடத்தில் நர்ஸ் சொன்னபோது இருவருமே இருந்தார்கள். மெமுனா மகனின் எடையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.)

"எம் புள்ளைய ஏன் இப்படி உத்து உத்துப் பாக்குறீங்க? பொறந்ததுலேர்ந்து உங்க கண்ணு அவன் மேலதான்."



4

ஒரு காலையில் புடைப்பு உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிச் சிவந்திருந்தது. தொட்டால் பிள்ளை துடித்தான். பால் குடிக்காமல் பச்சையாக வாந்தி எடுத்தான். மெமுனா ஷியா மரக்கொட்டை வெண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொண்டிருந்தாள்.

"அமுக்காதடி! கெளம்பு!"

"இவரு வரட்டும்."

ஆஸாரா காத்திருக்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கி முதுகில் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடி, ஒரு மூன்று சக்கர வண்டியை மறித்தாள். "எம் புள்ளையத் திருடுறா!" என்று கத்திக்கொண்டே வந்து மெமுனாவும் தொற்றி ஏறினாள். வழியெல்லாம் அடித்தாள். ஆஸாரா வாங்கிக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்து டாக்டர் வெளியே வந்தார். "குடல் மாட்டிக்கிச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அழுகிப்போயிருக்கும். பையனுக்கு இனி பயமில்ல."

5

முடிவு. முதல் வரைவில் மெமுனா ஆஸாராவின் தோளில் சாய்ந்து அழுதாள். அப்படி நடக்கவில்லை. இரண்டாவதில் ஆஸாராவின் பொறாமை கரைந்தது. அதுவும் இல்லை. கண்விழித்த பிள்ளை தாயின் மார்பைத் தேடியபோது தன் வயிறு பழையபடியே எரிந்தது என்றாள்.

நடந்தது இது: யாகுபு மூச்சிரைக்க வந்தான். ஆஸாராவைத் தாண்டிப் போய் மெமுனாவின் கையைப் பிடித்தான்.

"நல்ல நேரத்துல கவனிச்சியே! எம் மகனக் காப்பாத்திட்ட."

மெமுனா ஆஸாராவைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்து வாய் திறந்தாள்.

இந்த இடத்தில் ஆஸாரா கதையை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். கவனித்தது யார் என்று மெமுனா சொன்னாளா, இல்லை பாராட்டைத் தானே வாங்கிக்கொண்டாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மெமுனாவுக்கும் அவன் ஒருவன்தான் கணவன்.