யசிந்தாவுக்கு வந்த மறுமொழி

முதல் தடவை ஓ.எல். சோதனை எழுதியபோது யசிந்தா கணக்கிலும் விஞ்ஞானத்திலும் பெயில். மீனவர் ஊரான குருநகரில் அதற்காக யாரும் இடிந்துபோகவில்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தகப்பன் சந்தியோகு நிமிர்ந்து பார்த்து, "சமயபாடம் பாஸ்தானே, காணும்" என்றார். அவளுக்கும் சிரிப்புத்தான் வந்தது. வகுப்பில் கடைசி வாங்கு, கோயில் பாட்டுக் குழுவில் முதல் ஆள், வாய் ஓயாத பெட்டை. "கதைக்கிறதுக்கு ஒரு சோதினை வைச்சால் நீதான் இலங்கையிலை முதலாவது" என்று தமையன் பேதுரு பகிடி பண்ணினான்.

தொண்ணூறில் மறுபடி சண்டை மூண்டது. கடலுக்குப் போகத் தடை வந்தது. தடை வந்தாலும் அடுப்பு எரியவேண்டுமே. கரையோரமாகப் போய் நாலு மீன் பிடித்து வருகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பேதுருவும் போனான். ஒருநாள் விடியற்காலை கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. மத்தியானம் அவனுடைய வள்ளம் தனியே வந்து கரை தட்டியது. அவன் வரவேயில்லை. ஒரு கிழமை பார்த்துவிட்டு, சவப்பெட்டி இல்லாமலே பூசை வைத்தார்கள்.

பிறகு ஷெல் விழத் தொடங்கியது. சனமெல்லாம் வெளிக்கிட்டது. யசிந்தாவின் தாய் மக்டலீன் பல வருடமாக நீர்வேலிக்கு மீன் கொண்டுபோய் விற்றவள். அங்கே அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் ஞானாம்பிகை, தன் வாழைத்தோட்டத்து மூலையில் குலை அடுக்கும் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தார். கடலைத் தவிர வேறு தொழில் அறியாத சந்தியோகு வாழைக்கு இறைக்கப் போனார். மக்டலீன் அழுதாள்; அழாத நேரம் செபமாலை சொன்னாள்.

யசிந்தா அழவில்லை. பசியும் வரவில்லை, கதையும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தார்கள்.

ஞானாம்பிகையின் மகள் குணலட்சுமி என்ற குணா அவளைவிட இரண்டு வயது இளையவள், ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கொட்டிலில் விட்டுப்போன விஞ்ஞானப் புத்தகத்தை யசிந்தா ஒருநாள் சும்மா எடுத்து விரித்தாள். விசாரிக்க வந்த ஒரு மனிசி எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை படிக்குது, குழப்பக்கூடாது" என்று திரும்பிப் போனாள். யசிந்தாவுக்கு அது பிடித்துக்கொண்டது. அடுத்த நாளும் விரித்தாள். அதற்கடுத்த நாளும்.

தொடக்கம் அவ்வளவுதான். பிறகு ஊர் சொன்னது வேறு. தமையனுக்காக வைராக்கியமாகப் படித்தாள் என்றது. வைராக்கியம் என்று ஒன்று தனக்குள் இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. புத்தகம் விரித்திருந்தால் ஒருவரும் கிட்ட வரவில்லை, அதுதான். கணக்கு அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவளை அழச் சொல்லவுமில்லை. ஒரு கணக்கு முடிந்தால் இன்னொன்று இருந்தது.

மறுபடி எழுதி ஓ.எல். பாஸ் பண்ணினாள். குணாவோடு சேர்ந்து ஏ.எல். உயிரியல் வகுப்புக்கும், பின்னேரம் ரியூட்டரியில் தனிப்பாடத்துக்கும் போனாள். குணா சின்ன வயதிலிருந்தே டொக்டராக வேண்டுமென்று சொல்லிக்கொண்டு வளர்ந்தவள். ஆரம்பத்தில் அவள்தான் யசிந்தாவுக்கு விளங்காததை எல்லாம் விளங்கப்படுத்தினாள். சோதனை கிட்டும்போது குணாவுக்குக் காய்ச்சல் வரும். பிள்ளையாருக்கு நேர்த்தி வைப்பாள். விடை சரியென்றால் துள்ளுவாள், பிழையென்றால் கண்ணீர் விடுவாள். யசிந்தா பாத்திரம் கழுவுவதுபோல விடை எழுதினாள்.

ஏ.எல். சோதனையன்று விமானம் வந்து மேலே சுற்றியது. பிள்ளைகள் மேசைக்குக் கீழே பதுங்கினார்கள். யசிந்தா எழுதிக்கொண்டே இருந்தாள். மேற்பார்வையாளர் நிலத்தில் இருந்தபடி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தபிறகுதான் இறங்கினாள்.

சோதனை முடிவு, அதுதான் மறுமொழி, கொழும்பிலிருந்து கப்பலில் வந்துசேரப் பல மாதம் பிடித்தது. பல்கலைக்கழகத்துக்கு எடுபட எத்தனை புள்ளி வேண்டும் என்ற வெட்டுப்புள்ளி வர இன்னும் பிந்தியது. அன்றைக்குக் குணாதான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவந்தாள். கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

"யசிந்தாக்கா, உங்களுக்கு மெடிசின் கிடைச்சிட்டுது."

"உனக்கு?"

"எனக்குப் புள்ளி காணாது."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மக்டலீன் மகளைக் கட்டிப்பிடித்து, பேதுருவின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். சந்தியோகு இறைப்பை அப்படியே விட்டுவிட்டு வாழைகளுக்கு நடுவே சேற்றில் நின்றார். கிட்ட வரவில்லை. தாயின் தோளுக்கு மேலாக யசிந்தா அவரைப் பார்த்தாள். தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு பாதையில் ஓடியது. அதை யாராவது அடைக்கவேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

பொழுதுபடுமுன் மக்டலீன் உடுப்புகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். "அந்தப் பிள்ளையின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? கோயில் மண்டபத்துக்கெண்டாலும் போவம்."

ஞானாம்பிகை ஒரு சட்டி சோறோடு வந்து மூட்டையைப் பார்த்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"அம்மா, எங்களாலை உங்கடை பிள்ளைக்கு..."

"உன்ரை பிள்ளை என்ரை பிள்ளையின்ரை இடத்தைப் பறிச்சவளே? அவள் அழுகிறாள். அழுது முடிப்பாள். நீ மூட்டையை அவிழ்." சட்டியை யசிந்தாவின் கையில் கொடுத்தார். "சாப்பிடு, பிள்ளை." அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த நாள் கிணற்றடியில் குணா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருக்காச் சிரியுங்கோவன் அக்கா."

யசிந்தா வாளியைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கிடைச்சிருந்தால் இந்தத் தோட்டம் முழுக்க ஓடியிருப்பன். உங்களுக்குக் கிடைச்சிருக்கு, நீங்கள் மரம் மாதிரி நிக்கிறியள். நீங்கள் சந்தோசப்பட்டாலெண்டாலும் எனக்குக் கோவிக்கலாம். இப்ப நான் ஆரோடை கோவிக்கிறது?"

"நான் வேணுமெண்டு செய்யேல்லைக் குணா. வருகுதில்லை."

"என்ன வருகுதில்லை?"

"ஒண்டும். அண்ணை போனதிலையிருந்து ஒண்டும் வருகுதில்லை."

இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. குணா முகத்தைக் கழுவிக்கொண்டு, நிரம்பிய வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

கம்பஸில் மருத்துவ வகுப்புத் தொடங்கிய அன்று காலை குணா சைக்கிளோடு கொட்டில் வாசலுக்கு வந்தாள். "ஏறுங்கோ. நடந்து போய்ச் சேரமாட்டியள்." மருத்துவபீட வாசலில் குணா ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்தாள், கட்டடங்களை, வெள்ளைச் சட்டை போட்டவர்களை. "சரி, போங்கோ" என்று திரும்பி மிதித்தாள். அந்த ஆவணியில் அவள் மறுபடி ஏ.எல். எழுதவேண்டும். படிக்க நிறைய இருந்தது.

பின்னேரம் யசிந்தா வெளியே வந்தபோது குணா அதே வாசலில் நின்றாள். வரச் சொல்லி அவளை யாரும் கேட்டிருக்கவில்லை.

"பிணம் காட்டினவையே?" நீர்வேலிப் பாதையில் மிதித்தபடி கேட்டாள்.

"இல்லை. நாளைக்காம்."

"பயமாயிருக்கே?"

யசிந்தா உள்ளே தேடிப் பார்த்தாள். காற்று வாழைத்தோட்டங்களின் ஈரத்தோடு முகத்தில் அடித்தது.

"தெரியேல்லை" என்றாள்.

"நாளைக்குப் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் சொல்லவேணும்."

"ஓம்" என்றாள் யசிந்தா. சைக்கிள் பள்ளத்தில் விழுந்து எழும்பியது. விழாமலிருக்கக் குணாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.